வேன் இரண்டுக்குக் கேட்கவில்லை

1

இந்தக் கதை எனக்கு ஓர் அரை வசனமாகத்தான் கிடைத்தது. முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். பிறகு நீங்களாகக் கண்டுபிடித்துக் கேட்டால் வெட்கமாக இருக்கும்.

போன ஆவணியில் என் பழைய காரின் வானொலியில் ஓயாத இரைச்சல். செய்தி வாசிப்பவர் தகரக் கூரையில் மழை பெய்யும்போது உள்ளே இருந்து வாசிப்பது போல இருந்தது. வெள்ளவத்தையில் கடற்கரைக்கு இறங்கும் ஒழுங்கையொன்றில் சாமினி என்று ஒருவர் இருக்கிறார், வாகனங்களுக்கு வயர்லெஸ் பூட்டுகிறவர், அவரிடம் போ என்றார்கள். போனேன். அவர் காரைப் பார்க்கவேயில்லை. கண்ணை மூடிக்கொண்டு ஒரு நிமிடம் கேட்டார். பிறகு கையை உள்ளே விட்டு, புறக்கோட்டையில் நான் பேரம் பேசி வாங்கிய போன் சார்ஜரைப் பிடுங்கினார். மழை நின்றது.

நான் அசடு வழியச் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

"சார்ஜரைக் கழட்டுறது லேசு. ஒருக்காக் கொட்டாஞ்சேனையில இருந்து ஒரு வேன் வந்தது. அதில கழட்ட வேண்டி வந்த சாமான்…"

அந்த நேரம் பார்த்து ஒரு சுற்றுலா பஸ் ஒழுங்கைக்குள் பின்பக்கமாக நுழைந்தது. சாமினி எழுந்து போய்விட்டார். அதன் பிறகு மூன்று தரம் போய்க் கேட்டுவிட்டேன். "அது அவையின்ர விசயம், விடுங்கோ" என்பதற்கு மேல் ஒரு சொல் வரவில்லை.

ஆகவே வேனும் வேன்காரரும் அந்தச் சாமானும் என் கற்பனை. சாமினி மட்டும் மெய். கதைக்குள் அவரை "அவள்" என்று எழுதப்போகிறேன். பக்கத்தில் நின்று பார்க்க எனக்கு அதுதான் வசதி. அவர் மன்னிப்பார். மன்னிக்காவிட்டால் அடுத்த முறை என் காரை நானே பார்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

2

முதல் தொடக்கம்: "கல்கிசையில் பழனிமுத்து தெருவில் விழுந்தபோது மணி பதினொன்று." 

(அடித்துவிட்டேன். ஒரு நோயாளியை முதல் வரியிலேயே விழுத்தி உங்களைப் பிடித்து இருத்துவது நியாயமில்லை.)

இரண்டாவது தொடக்கம்: "ஸ்ரனிஸ்லாஸ் ஒரு பொய்யன் என்று கமிட்டி முடிவுசெய்தது ஒரு செவ்வாய்க்கிழமை."

(இது நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அவர் பொய்யன் இல்லை. முதல் வரியில் ஒட்டிய பழி கடைசி வரி வரை விட்டுப் போகாது.)

சரி, சோடனை இல்லாமல் சொல்கிறேன். கொட்டாஞ்சேனையில் ஒரு சங்கம். கோயில்காரர், பள்ளிவாசல்காரர், தேவாலயக்காரர் எல்லாரும் சேர்ந்து நடத்துவது. சிறுநீரகம் பழுதானவர்களை இரத்தம் சுத்திகரிக்கும் இடத்துக்குக் கூட்டிப்போய்த் திரும்ப வீட்டில் விட மூன்று வேன்கள் வைத்திருக்கிறார்கள். ஓடும்போது சாரதிகள் போனைத் தொடக்கூடாது என்பது சட்டம். எல்லாக் கட்டளையும் வயர்லெஸ்ஸில்தான் வரும். அலுவலகத்தில் மேபல் என்ற பெண்மணி மைக்கோடு இருப்பார், வயர்லெஸ்ஸில் அவருக்குப் பெயர் கொன்ரோல். வெள்ளம் வந்த கிழமை போன்கள் செத்துக் கிடந்தபோது அந்த மூன்று வேன்களும் மேபலின் குரலைப் பிடித்துக்கொண்டுதான் ஓடின. அந்தப் பெருமை சங்கத்துக்கு இன்னும் இருக்கிறது.

ஸ்ரனிஸ்லாஸ் இரண்டாம் வேனின் சாரதி, ஐம்பத்துநாலு வயது. மூன்று கிழமைக்கு முன் பழனிமுத்து என்ற நோயாளிக்கு கல்கிசையில் சிகிச்சை சீக்கிரம் முடிந்துவிட்டது. மேபல் இரண்டாம் வேனை ஆறு தரம் கூப்பிட்டார். பதில் இல்லை. ஒரு மணி நேரம் பார்த்திருந்த பழனிமுத்து பஸ்ஸிலாவது போவோம் என்று காலி வீதிக்கு வந்து, தலை சுற்றி விழுந்தார். இடது மணிக்கட்டு முறிந்தது. வேன் அப்போது கூப்பிடு தூரத்தில் ஒரு மர நிழலில் நின்றிருந்தது.

"எனக்குக் கேக்கவே இல்ல," என்றார் ஸ்ரனிஸ்லாஸ்.

சங்கத்தின் செயலாளர் சப்ரி நேர்மையான மனிதர். ஒருவர் சொன்னதை அப்படியே நம்பவும் மாட்டார், சோதிக்காமல் தள்ளவும் மாட்டார். வேனை அலுவலக முற்றத்தில் நிறுத்தி மேபலைப் பேசச் சொன்னார். குரல் கணீரென்று வந்தது. மறுபடி பேசச் சொன்னார். மறுபடியும் கணீர்.

"செட் நல்லா வேலை செய்யுதே. இது எப்படிக் கேக்காம ஈக்கிற?" என்றார்.

சனிக்கிழமைக் கூட்டத்தில் சாவியை வாங்குவது என்று முடிவு. சாவி போனால் வேறு வேலை தேடலாம். ஆனால் கேட்டும் கேளாதவன் மாதிரிப் படுத்திருந்து ஒரு நோயாளியை விழ விட்டவன் என்ற பெயரோடு அதே தெரு பேக்கரிக்குப் பாண் வாங்கப் போக வேண்டும். அதை நினைத்துத்தான் மனிதர் புதன்கிழமை காலை வேனை வெள்ளவத்தைக்கு ஓட்டிவந்தார்.

3

இந்த இடத்தில் ஒரு சந்தேகம் வந்து கதை இரண்டு கிழமை நின்றது. வாசிப்பவர்கள் சாமினியை நம்புவார்களா? நாற்பத்துமூன்று வயதுப் பெண், வேனின் அடியில் மல்லாக்கப் படுத்துக்கொண்டு துருவைச் சுரண்டுகிறாள். பயந்துபோய் அவளை எடுத்துவிட்டு ராகுலன் என்று ஒருவனைப் போட்டேன். நாலு பக்கம் எழுதினேன். ராகுலன் கெட்டிக்காரன்தான். ஆனால் எல்லாவற்றையும் தெரிந்துகொண்டே வந்தான். கேட்பதற்கு முன்பே பதில் சொன்னான்.

சாமினி அப்படியில்லை. வாடகைக் கார்க் கம்பனி ஒன்றின் வயர்லெஸ் பகுதியில் பதினொரு வருடம் வேலை செய்தவள். இன்றைக்கும் ஒரு வாகனம் வந்தால், இதுவரை ஒன்றையும் கேட்டறியாதவள் போலத்தான் தொடங்குவாள். வாய்க்குள் ஒரு புளிப்பு டொபியை ஒதுக்கிக்கொண்டு, கண்ணை மூடி…

(இந்தப் பந்தியை அவரிடமே வாசித்துக் காட்டினேன். "நான் டொபி சாப்பிடுறேல்ல" என்றார். கதையில் சாப்பிடட்டுமே என்றேன். "கதையிலயும் வாய்க்குள்ள ஒண்டு இருந்தாச் சரியாக் கேக்காது" என்றார். டொபியைத் துப்ப வைத்துவிட்டேன்.)

ராகுலனை வீட்டுக்கு அனுப்பியாயிற்று. இனி வேலையைப் பாருங்கள்.

4

வேனின் வயர்லெஸ்ஸில், இறுக்கிக் கிடந்த ஒரு குமிழைத் தளர்த்தியதும், இரண்டு சத்தங்கள் கேட்டன. ஒன்று விசில். எஞ்சினை உறுமவைத்தால் ஏறும், விட்டால் இறங்கும். அதைக் கேட்டதுமே சாமினிக்குத் தெரியும், பற்றரிக்கு மின் ஏற்றும் டைனமோவின் சத்தம் அது. யாரோ சோம்பேறி, செட்டுக்கு வேண்டிய மின்சாரத்தை சிகரெட் லைற்றர் வயரில் இருந்து திருடியிருந்தான். அவள் தடித்த இரண்டு வயர்களை நேரே பற்றரியில் இருந்து இழுத்தாள். இரண்டுக்கும் பியூஸ் வைத்தாள். எஞ்சினையும் வேனின் உடம்பையும் இணைக்கும் பின்னல் பட்டி கடற்காற்றில் பச்சை பூத்துக் கிடந்தது. அதைக் கழற்றி, இரும்பு பளிச்சென்று தெரியும்வரை சுரண்டி, புதுப் பட்டி போட்டாள். விசில் போய்விட்டது.

ஸ்ரனிஸ்லாஸ் சிலுவை போட்டுக்கொண்டார். "சரி மகள், இது போதும். கடவுள் உங்கள நல்லா வைக்கட்டும்."

நானாக இருந்தால் அதோடு ரசீதுத் துண்டை எழுதிக் கொடுத்து ஆளை அனுப்பியிருப்பேன். ராகுலன் நிச்சயமாக அனுப்பியிருப்பான். சாமினி சாவியைத் திருப்பி எஞ்சினை நிறுத்தினாள். சாவியை வெளியே எடுத்தாள். வேன் முழுவதும் செத்து அடங்கிய பிறகு மறுபடி கேட்டாள்.

இரண்டாவது சத்தம் அங்கேயே இருந்தது. சீராக, நெருக்கமாக, வாணலியில் எண்ணெய் காய்வது போல. எஞ்சின் இல்லாமலே வரும் சத்தத்துக்கு எஞ்சினைக் குறைசொல்ல முடியாது. கை போய், தொடக்கத்தில் தளர்த்திய அந்தக் குமிழில் நின்றது.

"இதை ஆர் இவ்வளவு இறுக்கினது?"

"நான்தான் மகள். அந்த இரைச்சலோட ஒரு நாள் முழுக்க இருக்க ஏலாது. அதைத் திருகினா அமைதியாப் போயிடும்."

கொஞ்சம் விளக்க வேண்டும், பொறுத்துக்கொள்ளுங்கள். அந்தக் குமிழ் ஒரு காவல்காரன். எவ்வளவு பலமான அலை வந்தால் வாசலைத் திறப்பது என்று அதற்குச் சொல்லி வைக்கலாம். இரைச்சல் தொல்லை தாங்காமல் இறுக்கிவிட்டால் இரைச்சல் வராது. பலவீனமான குரலும் வராது. அலுவலக முற்றத்தில் மேபலின் குரல் கதவை உடைத்துக்கொண்டு வரும். கல்கிசை வரை வரும்போது அது களைத்துப்போயிருக்கும், தட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடும். சப்ரியின் சோதனை சரி. ஸ்ரனிஸ்லாஸ் சொன்னதும் சரி. இரண்டு நேர்மையான மனிதர்களுக்கு நடுவில் ஒரு நோயாளியின் கை முறிந்துவிட்டது.

"உங்களுக்குக் கேட்டிருக்காது அங்கிள். நீங்கள் பொய் சொல்லேல்ல," என்றாள் சாமினி.

மூன்று கிழமையாக அந்த ஒரு வசனத்தை யாரும் அவருக்குச் சொல்லவில்லை. மனிதர் அழுதுவிட்டார். 

5

ஆனால் எண்ணெய் காய்கிறது.

"எல்லாத்தையும் நிப்பாட்டினனீங்களோ?"

"எல்லாம் நிப்பாட்டியாச்சு."

பதினேழு பியூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கினாள். விளக்கு, ஹோர்ன், விசிறி, எரிபொருள் பம்பு. ஒவ்வொன்றுக்கும் ஒரு தரம் கண்ணை மூடிக் கேட்டாள். இரைச்சல் அசையவில்லை. செட்டில் இருந்து அன்ரனா வயரைக் கழற்றினாள், சத்தம் போயிற்று. பூட்டினாள், வந்தது. ஆகவே அது வயர் வழியாக வரவில்லை, காற்று வழியாக அன்ரனாவுக்குள் விழுகிறது. வேனுக்குள்ளேயே ஏதோ ஒன்று ஒலிபரப்பிக்கொண்டிருக்கிறது.

கையடக்கமான ஒரு சின்னச் செட்டை எடுத்து அதன் அன்ரனாவைக் கழற்றிச் செவிடாக்கினாள். இப்படிச் செய்தால் மிகக் கிட்ட இருப்பது மட்டும்தான் அதற்குக் கேட்கும். சீற்றுகளுக்குக் கீழே கொண்டுபோனாள். கூரையில் தடவினாள். ஸ்ரேரிங்குக்கு அருகே வந்ததும் செட் சீறத் தொடங்கியது. வலப்பக்கம் கொண்டுபோனாள், குறைந்தது. இடப்பக்கம், டாஷ்போட்டின் நடுவுக்குக் கொண்டுவந்தாள்.

அங்கே புனித அந்தோனியார் நின்றார். குழந்தை இயேசுவைத் தூக்கிக்கொண்டு, ஒரு சாண் உயரத்தில். அவரைச் சுற்றி நீல நிறத்தில் எல்.ஈ.டி. விளக்குகள் பகலிலும் எரிந்துகொண்டிருந்தன.

சாமினி கையை எடுத்துவிட்டாள். வேறு இடத்தில் வைத்துப் பார்த்தாள். திரும்பக் கொண்டுவந்தாள். மூன்று தரம் அப்படிச் செய்தாள். வெள்ளிக்கிழமை தவறாமல் கோயிலுக்குப் போகிறவள் அவள், அடுத்தவர் சாமியைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற ஆசைப்படுவாளா?

(நானும்தான் ஆசைப்படவில்லை. கெட்டுப்போன பம்பு, எலி கடித்த வயர் என்று ஒரு பட்டியலே வைத்திருந்தேன். ஒன்றிலும் உயிர் இல்லை. கழற்ற முடியாத சாமானாக இருந்தால்தானே சாமினி அந்த வசனத்தைப் பாதியில் விட்டிருப்பார்?)

"அங்கிள், இந்த லைற்?"

"அது நிப்பாட்டுறதில்ல மகள்."

அவருடைய மகளுக்கு ஒன்பது வயதில் டெங்கு. பதினான்கு நாள் ஆஸ்பத்திரியில். அந்தோனியார் முன்னால் எரியும் விளக்கை இனி என் வண்டியில் ஒரு கணமும் அணைய விடமாட்டேன் என்று நேர்ந்துகொண்டார். பிள்ளை பிழைத்து, இப்போது ஓ.எல். சோதனைக்குப் படிக்கிறாள். சாவியை எடுத்தாலும் அணையக்கூடாது என்று வயரை நேரே பற்றரியில் கொடுத்திருந்தார், நடுவில் பியூஸ் கூட இல்லாமல். எல்லாவற்றையும் நிறுத்திவிட்டேன் என்று அவர் சொன்னது சத்தியம். அந்தோனியாரை அவர் சாமான்களோடு எண்ணவில்லை. யார்தான் எண்ணுவார்கள்?

6

பிழை புனிதரில் இல்லை. விளக்கிலும் இல்லை. பற்றரியின் பன்னிரண்டு வோல்ற்றை ஐந்தாகக் குறைக்கத் தீப்பெட்டி அளவில் ஒரு மலிவுப் பெட்டி அவருடைய பீடத்துக்குள் ஒளிந்திருந்தது. செக்கனுக்கு இலட்சக்கணக்கான தரம் மின்சாரத்தை வெட்டி வெட்டிக் கொடுக்கும் பெட்டி. வெட்டும்போதெல்லாம் கத்தும்.

அடுத்து அவள் செய்ததை எழுதுவதற்காகத்தான் இந்தக் கதையையே எழுதத் தொடங்கினேன் என்று நினைக்கிறேன். பெட்டியைப் பிடுங்கினால் வேலை ஒரு நொடியில் முடிந்துவிடும். சாமினி பிடுங்கவில்லை. லொறிகளின் பக்கவிளக்கில் போடும் இழை பல்பு ஒன்றை அலுமாரியில் தேடி எடுத்தாள். இழை பல்பு வெறும் சூடேறிய கம்பி, அதற்குக் கத்தத் தெரியாது. புது வயர் இழுத்து, பியூஸ் வைத்து, அந்தோனியாரின் காலடியில் அதை முதலில் ஏற்றினாள். அது எரிகிறதா என்று ஸ்ரனிஸ்லாஸைப் பார்க்கச் சொன்னாள். பிறகுதான் நீல விளக்கின் வயரை வெட்டினாள். இடையில் சில விநாடிகள் அந்தோனியாருக்கு இரண்டு வெளிச்சம் இருந்தது, இருட்டு இருக்கவில்லை. ஒருவருடைய நேர்த்திக்கடனைத் தான் நம்பாவிட்டாலும் அதற்கு வயர் அளந்து வெட்டுகிற அந்தக் கைகளை நான் வணங்குகிறேன். அதைச் சுற்றிவளைத்துச் சொல்ல எனக்கு மனமில்லை.

இரைச்சல் நின்றது. குமிழை அவள் தளர்ந்தபடியே விட்டாள். வெள்ளவத்தையில் இருந்துகொண்டு கொட்டாஞ்சேனை மேபல் மூச்சு விடுவது கூடக் கேட்டது. 

சாமினி வேலைத் துண்டை எடுத்தாள். என்ன பழுது, ஏன் வந்தது என்று எழுதி, சனிக்கிழமை கமிட்டிக்குக் காட்ட வேண்டிய தாள். காரணம் என்று அச்சிட்டிருந்த இடத்துக்கு வந்ததும் ஸ்ரனிஸ்லாஸ் அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அத எழுத வேணாம் மகள்."

"எழுதாட்டி நீங்கள் பொய் சொன்னதெண்டுதானே ஆகும்?"

"ஆகட்டும். குமிழத் திருகினது நான்தானே? அந்தோனியார்ட லைற்றால ஒரு ஆள் விழுந்தாரெண்டு கூட்டத்தில வாசிக்கிறதக் கேக்க என்னால ஏலாது. எனக்கு என்ட புள்ளயத் தந்தவர் அவர்."

"பிழை பெட்டியில. அவரில இல்லை."

"சனம் பெட்டியெண்டா சொல்லும்?"

சாமினி பேனாவை மூடினாள். பிறகு கேட்டாள். "மற்ற ரெண்டு வேனிலயும் என்ன இருக்கு?"

"வேன் ஒண்டுல சப்ரி ஹாஜியார்ட குர்ஆன் ஆயத்து, கண்ணாடியில எழுதினது. வேன் மூண்டுல டிரைவர் நாகேந்திரத்திட பிள்ளையார்." அவர் தலையைக் குனிந்துகொண்டார். "எல்லாத்துக்கும் லைற் இருக்கு. வெள்ளம் வடிஞ்ச பிறகு ஒரே கடையில நான்தான் புதுசா வாங்கினன். நானேதான் பூட்டிக் குடுத்தன்."

7

இப்போது முடிவுகள். என்னிடம் இரண்டு இருந்தன.

முதலாவது: சாமினி "மின்சாதனக் கோளாறு, சரிசெய்யப்பட்டது" என்று எழுதுகிறாள். சப்ரி வாசித்துத் தலையாட்டுகிறார், சாவி ஸ்ரனிஸ்லாஸிடம் இருக்கிறது, எல்லாரும் தேத்தண்ணி குடிக்கிறார்கள். அழகான முடிவு. ஆனால் மற்ற இரண்டு வேன்களிலும் பெட்டிகள் கத்திக்கொண்டே இருக்கும், மேபலின் குரல் அந்தக் கத்தலில் மூழ்கும்.

இரண்டாவது: உள்ளதை உள்ளபடி எழுதுகிறாள். கமிட்டி கூடி, இனி வேன்களில் எந்தச் சாமியும் கூடாது என்று தீர்மானம் போடுகிறது. மூன்று மதத்தாரும் ஒற்றுமையாக ஸ்ரனிஸ்லாஸைத் திட்டுகிறார்கள். கல்கிசையில் எல்லாருக்கும் கேட்கிறது. ஸ்ரனிஸ்லாஸ் மட்டும் தேவாலயத்தில் பின்வரிசைக்குப் போய்விடுகிறார்.

முதலாவதில் ஒரு நோயாளியைக் கைவிடுகிறேன், இரண்டாவதில் ஒரு மனிதரை. சாமினி என்ன செய்வாள் என்று யோசித்துப் பார்த்தேன். அவள் எதையும் ஓடவிட்டுப் பார்க்காமல் முடிவு எழுதமாட்டாள். ஆகவே

8

வெள்ளிக்கிழமை முற்பகல் இரண்டாம் வேனைப் பரீட்சித்துப் பார்க்கக் கல்கிசைக்குக் கொண்டுபோனார்கள். ஸ்ரனிஸ்லாஸ் ஓட்டினார். சாமினி பக்கத்தில் இருந்தாள். மடியில் வேலைத் துண்டு, காரணம் எழுதும் இடம் இன்னும் வெறுமையாக. சிகிச்சை நிலையத்துக்குக் கொஞ்சம் தள்ளி, அதே மர நிழலில் நிறுத்தினார்கள். மேபலின் குரல் வந்தது. மெலிந்துதான் வந்தது, ஆனால் ஒவ்வொரு சொல்லும் தெளிவு.

"வேன் மூண்டு, வேன் மூண்டு, கொன்ரோல். கல்கிசையில ரத்தினம்மா முடிஞ்சு வெளிய நிக்கிறாங்க. கேக்குதா?"

ஸ்ரனிஸ்லாஸ் புன்னகைத்தார். மூன்று கிழமைக்குப் பிறகு முதல் தடவை. 

"வேன் மூண்டு, கேக்குதா?"

பதில் இல்லை.

"நாகேந்திரம் அண்ணன், கேக்குதா?"

புன்னகை போய்விட்டது. நாலாவது தரம் மேபல் கூப்பிட்டபோது அவர் ஸ்ரேரிங்கை இறுகப் பிடித்திருந்தார். அன்றைக்குத் தன்னை இப்படித்தான் கூப்பிட்டிருப்பார்கள் என்பதை மனிதர் அப்போதுதான் காதால் கேட்கிறார். கண்ணாடிக்கு அப்பால், சிகிச்சை நிலைய வாசலில், கையில் ஒரு துணிப்பையோடு ஒரு அம்மா நிற்கிறார். காலி வீதிப் பக்கம் எட்டி எட்டிப் பார்க்கிறார்.

ஐந்தாவது தரம்.

சாமினி வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பேனாவின் மூடியைக் கூடத் திறக்கவில்லை. நானும் அவளுக்கு ஒரு வசனம் கொடுத்துப் பார்த்தேன், அவள் வாங்கவில்லை.

ஸ்ரனிஸ்லாஸ் வேனைக் கிளப்பினார். ஒரு கையால் ஓட்டிக்கொண்டே மறுகையால் மைக்கை எடுத்துப் பொத்தானை அழுத்தினார்.

"கொன்ரோல், வேன் ரெண்டு. அம்மாவ நான் ஏத்துறன். மூண்டுக்கு நீங்க கூப்பிடுறது கேக்காது. நாகேந்திரத்தில பிழையில்ல. ஏன் கேக்காதெண்டா…"

அவர் விரல் பொத்தானை விடவில்லை. இந்த மாதிரிச் செட்டில் ஒருவர் அழுத்திக்கொண்டிருக்கும் வரை மற்றவர் யாரும் பேச முடியாது. கொட்டாஞ்சேனையில் மேபல் பேசாமல் இருக்கிறார், அவருக்குப் பின்னால் சப்ரி வந்து நின்று கேட்டுக்கொண்டிருக்கிறார். இரத்தினம்மா வேனைக் கண்டு கையைத் தூக்கிவிட்டார்.

அடுத்த சொல்லை நான் எழுதப்போவதில்லை. எனக்குத் தெரியாது என்பதால் அல்ல. அந்த மனிதரிடம் இருந்து அதை நான் பிடுங்கக்கூடாது. பொத்தான் அவர் விரலுக்குக் கீழே இருக்கிறது, எங்கள் எல்லாருக்கும் செட் திறந்திருக்கிறது. நீங்களும் கேளுங்கள்.